கடாரத்தைக் காணாமற் போகிறவர்கள்

கெடாவில் பீடோங் பட்டணத்துக்கும் மெர்போக் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி நாம். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், ஒரே வாரத்துக்குள், இரண்டு கூட்டத்தார் நம் தோட்டச் சாலையைக் கடந்து போனதைக் கண்டோம். கண்டது முதல் மனம் ஆறவில்லை. ஆதலின் எழுதுகிறோம்.

முதற் கூட்டம் எட்டே பேர். அயல் நாட்டார். "சிறு குழு, இயற்கைக் காட்சி, கிராமப் பண்பாடு" என்று ஆசை காட்டி ஒரு பிரயாணக் கம்பெனி அவர்களை வேனில் அழைத்து வந்திருந்தது. செம்பனைக்கு நடுவே எஞ்சி நிற்கும் பழைய கித்தா மரங்களண்டை வேன் நின்றது. அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மையாரை, மரத்தைப் படம் பிடிப்பது போலவே படம் பிடித்தார்கள். அவர் பெயரை ஒருவரும் கேட்டாரில்லை. வழிகாட்டியோ, "இவர்கள் இந்தியத் தொழிலாளர்கள்" என்று நூறாண்டு வரலாற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு வேனைக் கிளப்பச் சொன்னார்.

இரண்டாவது கூட்டம் நம்மவர். நாற்பத்து நான்கு பேர், பெரிய பஸ், ஒலிபெருக்கி, சினிமாப் பாட்டு. இரவோடிரவாகக் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, புக்கிட் பத்து பாகாட்டிலுள்ள சண்டி என்னும் பழங்கோயிலின் படிகளில் நின்று, "ராஜேந்திர சோழன் ஆண்ட பூமி!" என்று கைதட்டி, முக்கால் மணி நேரத்தில் பினாங்குக்குப் பயணமானார்கள். வழி கேட்க நம் ஆபீசு வாசலில் பஸ் நின்றபோது அவர்களுள் ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து, "தம்பி, இந்தத் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார்.

நாம் அன்று வாயடைத்து நின்றோம். நிற்க.

பெரியவரை மட்டும் குறை கூறுவானேன்? நாமும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்தாமே! கண்ணால் காணாத டாஃபடில் பூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கு வாங்கினோம். இங்கிலாந்தின் ஏரிகளை வரைபடத்தில் தொட்டுக் காட்டினோம். ஆனால் நம் ஆபீசிலிருந்து சிறிது தூரத்தில், மெர்போக் ஆற்றின் இருமருங்கும் ஏறத்தாழ 4,000 எக்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் பாக்காவ் காட்டில் ஒரு மரத்தின் பெயரேனும் நமக்குத் தெரிந்திருந்ததா? அக்காடு எத்துணை வகைக் கண்டல் மரங்களைத் தன்னுள் கொண்டது என்பதை, முப்பது வயதுக்கு மேல், மீன் பிடிக்கும் மலாய்க்கார நண்பர் ஒருவர் படகில் ஏற்றிக் காட்டிய பிறகே அறிந்தோம். வெட்கந்தான்.

இனி அந்தப் பெரியவருக்கு விடை சொல்வோம். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை இருக்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரையை அறிவித்த மலை அது. அதன் அடிவாரத்தில், 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பார் தம் மனைவியாருடன் அகழ்ந்து கண்ட கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. படிகளில் நின்று படம் எடுத்தீர்களே, அந்தச் சண்டி அவற்றுள் ஒன்று. 1960ஐ ஒட்டிக் கல்லடுக்கிச் சீர்செய்யப்பட்டது. 2009 முதல் சுங்கை பத்துவில் தோண்டியபோது இரும்புருக்கிய உலைகளும், துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய மண்குழாய்களும், படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவை கிறிஸ்துவுக்கு முந்தியவை என்பர் சிலர். அறிஞருள் வேறு சிலர் அதனை ஐயுறுவர். எப்படியாயினும், சோழர் கப்பல் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே உலை எரிந்தது. பெயர் தெரியாத தொழிலாளி வியர்வை சிந்தினான்.

"சோழன் ஆண்ட பூமி" என்பதோ! 1025ஆம் ஆண்டில் ராஜேந்திரன் கடற்படை கடாரத்தைத் தாக்கியது மெய். தஞ்சைக் கல்வெட்டு அதைப் பெருமையோடு கூறுவதும் மெய். அஃது ஒரு படையெடுப்பு. அரசனைப் பிடித்தார்கள், பொருளைக் கவர்ந்தார்கள், திரும்பினார்கள். கொள்ளை கொண்டதைக் குடியிருந்ததாகச் சொல்லிக் கைதட்டுவதில் என்ன பெருமை? அதற்கு முன்னும் பின்னும் இங்கு வந்து, காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கி, ஊராரோடு பண்டம் மாற்றி, கோயில் கட்டிப் போன வணிகரைப் பற்றி ஒலிபெருக்கியில் ஒரு சொல் உண்டா? அவர்கள் மாதக்கணக்கில் தங்கிய இடத்தில் நாம் முக்கால் மணி நேரம் நிற்கிறோம்.

இந்தக் கைதட்டல் எதற்கும் உதவாது என்பதற்குச் சான்று வேண்டுமா? 2013ஆம் ஆண்டில், சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி, நிலத்தைத் திருத்தி வீடு கட்டுவதற்காகத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம், பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது, நிலமோ தனியாருடையது. இடித்த பிறகுதான் செய்தி வெளிவந்தது, கூக்குரல் எழுந்தது. ஆண்டுதோறும் பஸ் பஸ்ஸாக வந்தவர்களில் ஒருவராவது அதற்கு முன் அங்கே நடந்து போய்ப் பார்த்திருந்தால், "இது யாருடைய நிலம்? யார் காவல்?" என்று ஒரு கேள்வியாவது முன்கூட்டியே எழுந்திராதா?

இவையெல்லாம் பழங்கதை. பெரியவர் கேட்டது தோட்டத்தைப் பற்றி. 1938இல் இந்திய அரசு தடை செய்யும் வரை, கங்காணிகள் கூட்டி வந்த நம் பாட்டன் பாட்டிமார் காடழித்து நட்ட கித்தா இங்கேதான் இருந்தது. பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, புகைக்கூடம், மாரியம்மன் கோயில், தகரக் கூரைத் தமிழ்ப் பள்ளி, இவற்றில் சில இன்றும் நிற்கின்றன. இந்தப் பீடோங் வட்டாரத்தில்தான், 1947ஆம் ஆண்டில், தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். "குடியை விடு, தலைநிமிர்" என்று தம் தந்தையரையே வழிமறித்தவர்கள் அவர்கள். போலீசாரோடு மோதல் மூண்டது. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அக்கடைகள் இருந்த சந்திகளில் எந்தச் சிறு குழுவையும் எவரும் நிறுத்தி ஒரு சொல் சொல்லியதை நாம் கண்டதில்லை. சோழனின் யானைகளைப் பற்றித் தெரிந்த நம் பிள்ளைகளுக்குத் தம் கொள்ளுப்பாட்டன் எந்தக் கடை வாசலில் அடிபட்டான் என்பது தெரியாது.

சிறு குழுவாக நாட்டுப்புறத்துக்குப் போவது வெள்ளைக்காரர் நாகரிகம் என்று சிலர் எள்ளுகிறார்கள். தவறு. கணக்குப் பார்ப்பது நம் தொழில். ஆகவே கணக்காகவே சொல்வோம். நாற்பத்து நான்கு பேருக்கு எந்த வீட்டிலும் சோறு போட முடியாது. அவர்கள் சுங்கை பட்டாணியிலுள்ள பெரிய உணவுக்கடைக்குத்தான் போக வேண்டும். பணமும் அங்கேயே போகும். எட்டுப் பேராயின் ஓர் அம்மையார் தம் அடுப்பிலேயே சமைத்துவிடுவார். மலையடிப் பாதையில் எட்டுப் பேர் நடந்தால் முன்னே சொல்வது பின்னே கேட்கும். எட்டுப் பேர் ஒரு கிழவியைச் சூழ்ந்து உட்கார்ந்தால் அவர் பேசுவார். நாற்பத்து நான்கு பேர் சூழ்ந்தால் பயந்து உள்ளே போய்விடுவார்.

ஆனால் எட்டுப் பேராக வந்தால் மட்டும் போதுமா? அந்த வேனில் வந்தவர்களும் எட்டுப் பேர்தாமே! எண்ணிக்கை குறைந்தது, கண் திறக்கவில்லை. யார் வாயால் கேட்கிறோம், யார் கையில் கூலி சேருகிறது என்பதல்லவா கேள்வி? பால் வெட்டுகிற அம்மையாரே தம் கத்தியை எடுத்து, விடியுமுன் குளிர்ச்சியில் ஏன் பால் நன்றாக ஒழுகும், பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், மழை பெய்தால் அன்றைய கூலி என்னவாயிற்று என்று சொல்லி, சொன்னதற்கு உரிய வெள்ளியையும் வாங்கியிருப்பாராயின் அந்தப் பிரயாணத்தை நாமே புகழ்ந்து எழுதியிருப்போம்.

நம் தோட்டத்து மூத்த தண்டல் ஒருவர் இதைக் கேட்டுச் சினந்தார். "ஐயா கிராணி, நம் ஏழ்மையை வேடிக்கை பார்க்க ஆள் கூட்டுகிறீரா? லயத்து வீட்டின் ஒழுகுகிற கூரையைப் படமெடுத்துக் கொண்டு போவான்" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டோம். வேடிக்கை பார்க்கிறவன் வாராதிருப்பதே நலம். ஆனால் நாம் பேசாமல் இருந்தால் அவன் வாராமலா இருக்கிறான்? வந்துகொண்டுதான் இருக்கிறான், வேறொருவர் சொல்லும் ஒற்றை வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அரசாங்கம் 1995இல் தொடங்கிய 'ஹோம்ஸ்டே' திட்டத்தில் கம்போங் மக்கள் தம் வீடுகளில் விருந்தினரைத் தங்க வைத்து நாலு காசு காண்கிறார்கள். நன்று, அவர்கள் வாழ்க. தோட்டத்துத் தமிழன் எந்த வீட்டில் விருந்தினரைத் தங்க வைப்பான்? மூன்று தலைமுறை குடியிருந்த லயம் கம்பெனியின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். தன் வீட்டுக்கே விருந்தாளியாக இருப்பவன் பிறரை எப்படி விருந்துக்கு அழைப்பான்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வெளியேறியவர்களில், பீடோங், செமிலிங் பக்கத்துத் தாமான்களில் சொந்த வீடு கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போய்விட்டதால் அவ்வீடுகளில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. சங்கங்கள் மாலை மரியாதைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு அவ்வீட்டார் பத்துப் பேரை ஒன்று சேர்க்கலாகாதா? 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இருவருக்கு அந்தப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டினால் என்ன? மேடையில் கடாரத்தை முழக்கும் கனவான்களை நேரே கேட்கிறோம். பதில் எழுதுவார்களாக!

நம் தோட்டத்தின் புகைக்கூடம் இன்னும் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று துரைக்கும் தெரியாது. அளவைக்காரர்கள் இருமுறை வந்து போய்விட்டார்கள்.

ஆகவே வர விரும்புவோர் விரைந்து வருக. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். இரண்டு இரவு தங்கும்படி வாருங்கள். முதல் நாள் ஆறு; படகுக்காரரிடம் நாம் சொல்லி வைக்கிறோம், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பால் வெட்டு. அம்மையாரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள். பிறகு சண்டிகள். மலையடியில் அட்டை உண்டு. சிறிது உப்புக் கொண்டு வாருங்கள்.