மருத்துவச்சி தலையில் ஏன் பழி?

மருத்துவச்சி கையில் தாய்மார் செத்தார்கள், ஆஸ்பத்திரி வந்தது, பிழைத்தார்கள். கண்டியில் யாரைக் கேட்டாலும் கதை இதுதான். கேட்கச் சுகமாக இருக்கிறது, கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

1930களின் நடுவில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950களின் நடுவில் அது 500க்கும் கீழே. அந்த இருபது ஆண்டிலும் ஏராளமான பிள்ளைகள் வீட்டுப் பாயில்தான் பிறந்தன. டிடிடி அடித்து மலேரியாவை விரட்டினார்கள், பென்சிலின் வந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு மற்ற ஊர்களுக்கும் பரவ, பயிற்சி பெற்ற மருத்துவமாது பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தார். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் கொடுக்கும் புகழில் பாதியையாவது அந்தக் கால்களுக்குக் கொடுக்கலாம்.

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் அந்தக் கால்கள் எளிதில் வரவில்லை. அங்கே சுகாதாரம் தோட்டத் துரைமார் பொறுப்பு. லயத்துக் கிழவிதான் பிரசவம் பார்த்தாள். துருப்பிடித்த பிளேடால் தொப்புள்கொடி அறுத்து, ஏற்புவலி கண்டு செத்த சிசுக்கள் உண்டு. உதிரப்போக்கு நிற்காவிட்டால் அவளால் ஆவது ஒன்றுமில்லை. அவளுக்கு மாலை போட நான் வரவில்லை. ஆனால் பிளேடைக் கொதிநீரில் போடு என்று சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பாதது யார் குற்றம்?

அவள் செய்த மற்ற வேலையை யாரும் எழுதிவைக்கவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வார்த்தாள், வயிற்றைக் கட்டிவிட்டாள், மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். வலி எடுத்த நேரமெல்லாம் பக்கத்திலிருந்து தமிழில் பேசினாள். இன்று பாதி புரிந்த சிங்களக் கட்டளைக்கு முக்குகிற தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பேச்சின் அருமை தெரியும். பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் துணை அருகில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. கிழவி அதைப் படிக்கவில்லை, பாவம்.

தோட்டத்தை விட்டு இன்றைய மஹியாவவுக்கு வாருங்கள். கண்டி நகரைக் கூட்டித் துடைக்கும் குடும்பங்கள் வாழும் இடம். விடியுமுன் விளக்குமாறு பிடித்தவள் காலைக் கிளினிக்குக்குப் போனால் கூலி போச்சு. போகாவிட்டால் 'அக்கறை இல்லாதவள்' என்ற பெயர். 'பிரசவம் எங்கே?' என்ற கேள்விக்கு 'ஆஸ்பத்திரி' என்று குறித்துக்கொண்டு போகும் ஆய்வுப் படிவத்தில் இந்தச் சங்கடத்துக்குக் கட்டம் இல்லை.

பெண்கள் பேச்சைக் கேட்ட இடமும் உண்டு. கனடாவின் வடகோடியில் இனுயிட் பெண்களைப் பிரசவத்துக்காகத் தெற்கே விமானமேற்றி அனுப்பினார்கள். ஊர்ப்பெண்கள் ஒப்பவில்லை. 1986இல் அங்குள்ள புவிர்னிதுக் என்ற ஊரிலேயே பிரசவ மனை திறந்தது. உள்ளூர்ப் பெண்களே மருத்துவமாதராகப் பயின்றார்கள். மஹியாவவிலும் அந்த ஆய்வுப் படிவத்தை எழுதும் மேசையில் அங்கே பிள்ளை பெற்ற இருவராவது உட்காரட்டும். கிளினிக்கை ஏன் பின்னேரம் வைக்கக்கூடாது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.