கையெழுத்து இல்லாத செய்தி

வெளிமாநிலத்தில் நம்மவர்கள் நாலு பேர் சந்தித்தால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். "இப்பல்லாம் யாரு சார் பேப்பர் படிக்கிறாங்க? எல்லாம் போன்லதான்." எனக்கு இதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. வடக்கே தமிழ்ப் பேப்பர் கிடைக்காத ஊர்தான் அதிகம். இன்று திருநெல்வேலிப் பதிப்பைக்கூட காலைக் காபியோடு இ-பேப்பரில் புரட்டலாம். இது லாபம்தான்.

நஷ்டம் வேறு இடத்தில். அச்சுப் பேப்பரில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் இவர், வெளியிட்டவர் இவர், ஆசிரியர் இவர் என்று. நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைப் போட வேண்டும் என்று 1867-லேயே சட்டம் வந்துவிட்டது. தப்பாக எழுதினால் யாரைக் கேட்பது என்பதற்கான விலாசம் அது. வாட்ஸ்அப்பில் வருவதற்கு அந்த விலாசம் இல்லை.

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத பழைய சம்பவங்களை எடுத்து ஒட்டியிருந்தார்கள். பீகார் அரசே அதிகாரிகள் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அங்கே எத்தனை அம்மாக்கள் தூங்காமல் இருந்திருப்பார்கள்! பேப்பரும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அப்போது ஒரு இந்தி நாளிதழின் ஆசிரியர் மீதும் வழக்குப் பதிவானது. ஆனால் அவரைக் கேள்வி கேட்க ஒரு பெயர் இருந்தது. முதலில் ஃபார்வர்ட் செய்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்?

"எல்லாம் புரளி" என்று ஒதுக்கவும் முடியாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்னையின்போது பெங்களூரில் தமிழகப் பஸ்கள் எரிந்தது நிஜம். நாளை நாம் இருக்கும் ஊரைப் பற்றி ஒரு வீடியோ வந்தால், ஊரில் இருக்கும் பெற்றோர் எதை நம்புவார்கள்?

பேங்கில், எவ்வளவு வேண்டியவர் கொண்டுவந்தாலும் கையெழுத்து இல்லாத செக்கை நாங்கள் பாஸ் செய்வதில்லை. செய்திக்கும் அதே விதிதான். எந்தத் தேதி, எந்த ஊர், சொன்னது யார்? மூன்றும் இல்லையென்றால், மாமா அனுப்பியிருந்தாலும் சரி, மேலே அனுப்பாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட, ஊரில் புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கும் அப்பாவுக்கு முதலில் சொல்லுங்கள். நம்மைப் பற்றிக் கவலைப்படுபவர் அவர்தான்.