கடைக்காரர் கொடுக்கும் சொட்டு

அறுவடை நேரத்தில் கண்ணில் தூசி விழாத விவசாயி இல்லை. நெல்லடிக்கும்போது பறக்கும் உமி, கரும்புத் தோகையின் கூரிய ஓரம், வைக்கோல் உதறும்போது தெறிக்கும் துரும்பு, இதில் எது பட்டாலும் கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கண் சிவக்கிறது. டவுனில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக் கடை இருக்கிறது. "கண் சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு கொடுங்க" என்றால் ஒரு சிறிய பாட்டில் கைக்கு வருகிறது. மாலைக்குள் சிவப்பு குறைகிறது. விவசாயிக்கு நிம்மதி. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

இப்படிக் கொடுக்கப்படும் பாட்டிலில் பல சமயம் இருப்பது ஸ்டெராய்டு. அல்லது ஆன்டிபயாடிக்கும் ஸ்டெராய்டும் சேர்ந்த கலவை. டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரட்னிசலோன் எல்லாம் இந்த வகை. டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. ஆனால் நாட்டின் பல பகுதிகளில் தலைவலி மாத்திரை வாங்குவது போலவே இவற்றையும் வாங்கிவிட முடிகிறது. ஸ்டெராய்டு எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தைத்தான் அது அடக்குகிறது. சிவப்பும் வீக்கமும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்கள். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு ஊர் அமைதியாக இருக்கிறது என்று மகிழ்வது மாதிரிதான் இது.

இதற்கு முதல் பலி கருவிழி. கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடி போல அமைந்த இந்தத் தெளிவான சவ்வின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். இதில் ரத்தக் குழாய் கிடையாது. துரும்பு கீறிய இடத்தில் பாக்டீரியாவும் நுழையலாம், பூஞ்சைக் காளானும் நுழையலாம். வெப்பமும் ஈரமும் நிறைந்த இந்தியாவில், வயல் வேலை செய்பவர்களுக்குப் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் மிக அதிகம். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வலி, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் ஆகியவை அறிகுறிகள். ஸ்டெராய்டு விட்டால் வலி குறையும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும்.

பாக்டீரியாவா, பூஞ்சையா என்பதை வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல அனுபவமுள்ள டாக்டருக்கும் கடினம். ஆனால் பரிசோதனை எளிது. ஃப்ளோரசின் என்ற சாயத்தை விட்டு நீல ஒளியில் பார்த்தால் புண்ணுள்ள இடம் பச்சையாக ஒளிர்கிறது. கண்ணை மரத்துப்போகச் செய்து புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பூஞ்சையின் இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குத்தான் நாட்கள் ஆகும்.

பூஞ்சை என்று தெரிந்தால் நேட்டமைசின் சொட்டு. முதலில் மணிக்கு ஒரு முறை, பிறகு வாரக்கணக்கில். இது பழைய மருந்து. புதிதாக வந்த வோரிகோனசோல் இதைவிட நல்லதா என்று அறிய அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2013-ல் முடிவு வெளியானபோது ஜெயித்தது பழைய மருந்துதான். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, பாக்டீரியா புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டெராய்டும் சேர்த்தால் பலன் உண்டா என்று 500 பேரிடம் சோதித்தது. அவர்களில் பெரும்பாலோர் அரவிந்த் நோயாளிகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒட்டுமொத்தமாக இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கிருமி இன்னதென்று உறுதி செய்து, நிபுணர்களின் கண்காணிப்பில் கொடுத்தபோதே இதுதான் நிலை. கிருமி எதுவென்றே தெரியாமல் கடையில் வாங்கி விடும் சொட்டு என்ன செய்யும்?

கருவிழி ஓட்டையாகிவிடலாம்; ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடலாம். தேசிய பார்வையிழப்பு ஆய்வின்படி (2015-19) ஐம்பது வயதுக்கு உட்பட்ட இந்தியர்களின் பார்வையைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் கருவிழித் தழும்புக்குத்தான். ஒரு ஆறுதல்: தழும்பு விழுந்த கருவிழியை எடுத்துவிட்டு, தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்தலாம். பாதிக்கப்பட்ட அடுக்கை மட்டும் மாற்றும் ஆபரேஷன்களும் வந்துவிட்டன.

அதே பாட்டில் செய்யும் இரண்டாவது சேதத்துக்கு இந்த ஆறுதலும் இல்லை. அதன் பெயர் கிளாக்கோமா, கண் அழுத்த நோய். கண்ணுக்குள் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, சல்லடை போன்ற திசு வழியே வடிகிறது. ஸ்டெராய்டு அந்தச் சல்லடையை அடைப்பது போலச் செய்கிறது. வடிகால் குறைந்தால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும். நான்கு வாரம் தொடர்ந்து ஸ்டெராய்டு விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் கணிசமாக உயர்கிறது என்று 1960-களிலேயே அமெரிக்க ஆய்வுகள் காட்டின. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அது மிக அதிகமாக ஏறுகிறது.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் குழந்தைகள். வெயில் காலம் வந்தால் சில பிள்ளைகளுக்குக் கண் அரிப்பு தாங்க முடியாது. இது ஒரு வகை ஒவ்வாமை. முதல் முறை டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டில் அரிப்பு நிற்கிறது. அம்மா காலி பாட்டிலைப் பத்திரப்படுத்துகிறார். அடுத்த முறை அதைக் காட்டியே கடையில் வாங்குகிறார். இப்படியே இரண்டு வருடம், மூன்று வருடம். பிள்ளைக்கு வலி இல்லை. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருவது பிள்ளைக்கும் தெரியாது. கரும்பலகை தெரியவில்லை என்று வரும்போது நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். போனது திரும்பாது.

ஸ்டெராய்டு தொடாதவர்களுக்கும் கிளாக்கோமா வரும். நாற்பது வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகளில், நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை சாதாரண அளவு என்றாலும், அந்த அளவுக்குள்ளேயே நரம்பு கெடுபவர்கள் உண்டு. கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டும். ஆகவே கருவிழியின் தடிமன், வடிகாலின் கோணம், பார்வை நரம்பின் தோற்றம், பார்வைப் புலத்தின் பரப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிகிச்சை சொட்டு, லேசர், ஆபரேஷன் என மூன்று வகை. எதுவும் இழந்த பார்வையைத் தராது; இருப்பதைக் காக்கும்.

ஸ்டெராய்டே விஷம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மாற்றுக் கருவிழி பொருத்தியவருக்கு அதை உடல் நிராகரிக்காமல் காப்பது இதே சொட்டுதான். அவர் பயந்து நிறுத்திவிட்டால் தானமாக வந்த கருவிழி வீணாகலாம். ஆனால் அவருடைய கண் அழுத்தத்தை டாக்டர் ஒவ்வொரு முறையும் அளக்கிறார். ஏறினால் மருந்தைக் குறைக்கிறார், அல்லது மாற்றுகிறார். மருந்துக் கடையில் அழுத்தம் அளக்கும் கருவி இல்லை.

கண்ணில் துரும்பு பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவலாம். பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். சிவப்போடு வலியோ, வெள்ளைப் புள்ளியோ, மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தின் பெயரையும் அவரிடம் காட்டுவது நல்லது. ஒரு நாள் கூலி பெரிய தொகைதான். ஆனால் கண் போனால் போவது ஒரு நாள் கூலி மட்டும் இல்லை.