பரிமாறுகிறவரும் சாப்பிட வேண்டும்

கல்யாண வீட்டுப் பந்தியில் ஓடியோடிப் பரிமாறுகிறவர் கடைசியில்தான் உட்காருவார். அதற்குள் பசியே அடங்கிப்போயிருக்கும். நம் பங்குகளிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டம், மறைக்கல்வி வகுப்பு, துக்க வீட்டு ஜெபம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். ராத்திரி வீடு திரும்பும்போது தங்களுக்கென்று ஒரு ஜெபமாலை சொல்லத் தெம்பு இருக்காது.

இவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மைசூருவின் சாமுண்டி மலை அடிவாரத்தில் உள்ள அஞ்சலி ஆசிரமம் ஞாபகத்துக்கு வரும். 1979-இல் அதைத் தொடங்கியவர் ஒரு தமிழர், அருட்தந்தை டி.எஸ். அமலோர்பவதாஸ். கர்தினால் சைமன் லூர்துசாமியின் தம்பி.

அன்றைய இந்தியத் திருச்சபையில் அவரைப் போல ஓய்வின்றி உழைத்தவர்கள் சிலரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த கையோடு, 1967-இல் பெங்களூருவில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கி வழிநடத்தினார். காலணியைக் கழற்றிவிட்டு, தரையில் அமர்ந்து, எண்ணெய் விளக்கேற்றி, கைகூப்பித் திருப்பலியில் பங்கேற்கும் முறைகளுக்கு 1969-இல் ரோம் அனுமதி தந்ததே, அதற்கு முன்னின்று பாடுபட்டவர் அவர். மைசூர் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவத் துறைக்கும் தலைமையேற்றார்.

இத்தனை பொறுப்புகளுக்கு நடுவில்தான் ஆசிரமம் பிறந்தது. ஜெபத்தை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திப்போடவில்லை. 1990-இல், 57 வயதில், சாலை விபத்தில் இறந்துபோனார். ஒத்திப்போட்டிருந்தால் அந்த நாள் அவருக்கு வந்தே இருக்காது.

மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போய்ப் பணி செய்துவிட்டுச் சீடர்கள் திரும்பி வருகிறார்கள். சாப்பிடக்கூட நேரமில்லாதபடி கூட்டம் மொய்க்கிறது. இயேசு அவர்களுக்கு அடுத்த வேலையைச் சொல்லவில்லை. தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறச் சொல்கிறார். அங்கேயும் மக்கள் முந்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் மனமிரங்கிப் போதிக்கிறார். ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கிறார். பிறகு கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியாக மலைக்கு ஜெபிக்கப் போகிறார். அன்று தனிமை தடைபட்டது. ஆனால் அது கைவிடப்படவில்லை.

எல்லாராலும் ஆசிரமத்துக்குப் போக முடியாது. காலையில் போனை எடுக்கும் முன் ஒரு நற்செய்திப் பகுதியை வாசிக்க முடியும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாளைய வகுப்புக்குக் குறிப்பெடுப்பதற்காக வாசிப்பது வேறு; இந்த வசனம் என்னிடம் என்ன கேட்கிறது என்று வாசிப்பது வேறு. முதலாவதிலேயே பழகிப்போனவரின் பேச்சில் தகவல் இருக்கும், உயிர் இருக்காது. கேட்கிற பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஜெபத்துக்கு நேரம் தேடும் பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் மட்டும் கட்டிவிடவும் கூடாது. திருவிழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்ய நிதி ஒதுக்கும் பங்குப் பேரவைகள், உபதேசியார்களையும் மறைக்கல்வி ஆசிரியர்களையும் ஆண்டுக்கொரு முறை தியானத்துக்கு அனுப்பவும் ஒதுக்கட்டும். அவர்கள் போய்வரும்வரை அவர்களுடைய வகுப்பை நம்மில் ஒருவர் எடுக்கலாம். நமக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, ஜெபிக்க நேரம் தேடித்தருவது நம் கடமை.