பாடுவோர் தம்மைப் பாடலாமோ?

தன் பெருமையைத் தன் வாயாற் சொல்லுதல் ஆகாது என்பது இளமை முதல் யாம் கேட்டு வளர்ந்த பாடம். எம் வகுப்புத் தோழர் ஒருவர் இனிமையாகப் பாடுவார். தாமே பாட்டுக் கட்டவும் வல்லவர். அவர் தம் முதற் பாட்டை யூடியூபில் ஏற்றிய நாளில், அதனைக் கேட்குமாறு நண்பர்க்கு ஒரு வரி எழுதக் கூசினார். "நன்றாயிருப்பின் தானே பரவும்" என்றார். மூன்று திங்கள் கழிந்தன. கேட்டவர் தொகை நாற்பத்தொன்று. அவற்றுள் ஏழெட்டு முறை கேட்டவர் யாமே.

இதனிடையே ஓர் ஊர் விழாக் குழுவினர் அவரைப் பாட அழைத்தனர். நாலுபேர் அறிய வாய்ப்பாகுமாதலின் பணம் இல்லை என்றனர். விழா முடிந்த இரவே பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கூலி எண்ணிக் கொடுக்கப்பட்டது. பாடினவரோ காந்திபுரத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்தில் நின்றுகொண்டே திரும்பினார். கூலி கேட்டாரோ என வினவினோம். கேட்பது அழகன்று என்றார். பெயரைச் சொல்லக் கூசும் நாவே கூலியைக் கேட்கவும் கூசுகின்றது. இவ்விரண்டும் ஒரு வேரிற் கிளைத்தவை என்பது எமது துணிபு.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்து நன்னூற் பாயிரம் நினைவிற்கு வந்தது. அதனை இயற்றிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டவர் என உரிமை பாராட்டுவார் பலர் உளர், அது நிற்க. பல துறையினும் அரியன ஆராய்ந்து நூல் முடித்தவனேயாயினும் தன்னைத் தான் வியந்து பேசலாகாது என அம்முனிவர் விதித்தார். நம் பெரியோர் இதனை மட்டும் எடுத்தோதுவர். அடுத்த நூற்பாவை ஏனோ படிப்பதில்லை. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என அங்கே நான்கு விலக்குக்கள் உள்ளன. புலவனுக்குச் சொன்னது பாடகனுக்கும் பொருந்துமோ எனின், பொருந்தும் என்போம். புதிதாகப் பாடப் புகுந்தவன் நிற்குமிடம் இவற்றுள் இரண்டாவதன்றோ? அவன் ஆற்றலை அறிந்தவர் அவன் வீட்டாரும் அடுத்த வீட்டாருமே. ஏனையோர்க்கு அவன் தன் பெயரைச் சொல்லுதல் செருக்கன்று. இலக்கணம் இசைந்த செயலேயாம்.

ஆயினும், இல்லாத ஆற்றலுக்கு அந்நூற்பாவில் இடமில்லை. பணங்கொடுத்துக் கேட்போர் தொகையைப் பெருக்கிக் காட்டுவார் சிலர் இக்காலத்து உளர். அவர்க்காக யாம் வழக்காட வரவில்லை.

கொடுமுடியிற் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரை நோக்குக. 1908 இற் பிறந்த அவர், வறுமை வருத்த, சிறுமியாய் இரயில் வண்டியிற் பாடிக் காசு பெற்றவர். முன்பின் அறியாதார் நிறைந்த பெட்டியிலே வாய்திறந்து பாடிய அக்குழந்தைக்குக் கூச்சம் கட்டுபடியாகவில்லை. பின்னர் நாடக மேடை ஏறினார். இலங்கை வரை சென்று நடித்தார். இசைத்தட்டுக்களால் வீடுதோறும் புகுந்தார். 1935 இல் வெளிவந்த 'நந்தனார்' படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். 1958 இற் சென்னை மேலவை உறுப்பினராயினார். அவர் தம் விலையைத் தாம் அறிந்திருந்தார். அதனைச் சொல்லவும் அஞ்சவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

நம் காலத்து எடுத்துக்காட்டு வேண்டுவோர்க்கு ஹிப்ஹாப் தமிழா ஆதி இருக்கின்றார். கோவையில் வளர்ந்து பொறியியல் கற்றவர். 2011 இல் அவர் பாடிய 'கிளப்புல மப்புல' என்னும் பாட்டு இணையத்திற் பரவியது. அப்பாட்டுப் பெண்களைப் பற்றிப் பேசும் முறை எமக்கு உடன்பாடன்று, அதனை மறைப்பானேன்? அடுத்த ஆண்டே 'ஹிப்ஹாப் தமிழன்' என்னும் பாட்டுத் தொகுதி வெளிவந்தது. திரைப்பட இசையமைப்பாளராக அவர் அறியப்பட்டது அதன் பின்னரே. படவுலகம் அழைக்கட்டும் எனக் காத்திராது, தம் பெயரைத் தாமே முன்னர் நாட்டிக்கொண்டார். இசையைத் தொழிலாக நடத்துதல் பற்றி ஆராய்ந்து 2023 இற் பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நம் ஊரிலேயே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்ட ஒன்றை நாம் இன்னும் நாணத்தக்கதென்று கருதுகின்றோம்!

"வள்ளி ஒயிற்கும்மி பத்திரப்பன் விளம்பரமா செய்தார்?" என எம் ஆசிரியர் ஒருவர் மடக்கினார். நல்ல வினாவே. மேட்டுப்பாளையத்துப் பக்கத்தில் அக்கலையை வளர்த்து, பெண்டிரையும் ஆடப் பயிற்றியவர் அப்பெரியவர். அவருடைய மாணாக்கரே அவர் எழுதிய ஓலைகள். எனினும் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது 2024 இல், எண்பது வயது கடந்த பின்னர். வீட்டு வாடகை அத்துணைக் காலம் பொறுக்குமோ?

பெயர் பரவினாற் போதும், பொருள் தானே வரும் என்பதும் பிழையான எண்ணமே. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். எழுதிப் பாடிய அறிவு, உடன் பாடிய தீ, இசையமைத்த தாம் ஆகிய மூவர்க்கும் அதனால் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். அத்துணைப் பெயர் பெற்றோர்க்கே இந்நிலை எனின், நாற்பத்தொருவர் கேட்ட பாட்டுக்காரர் கையெழுத்திடுமுன் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! 2012 இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய உரிமைத்தொகைப் பங்கை விட்டுக்கொடுத்தல் செல்லாது என்கின்றது. நம் கல்லூரி இசைக் குழுவில் இதனை அறிந்தார் எத்துணையர் எனக் கேட்டுப் பார்த்தோம். பதினால்வரில் ஒருவர், அவரும் சட்டம் பயிலப் போகின்றவர்.

மற்றொன்றும் உண்டு. பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கும் கலைஞர் கலைஞர்க்கு வழிகாட்டுவன. பரிசு பெற்று மீளும் பாணன், பசித்து எதிர்ப்படும் பாணனை நிறுத்தி, இன்ன வழியே செல்க, இன்ன உணவு கிடைக்கும், இன்ன வள்ளல் இத்தன்மையன் என்று கூறுகின்றான். வாய்ப்பைத் தனக்கென்று மறைத்துவைத்தானல்லன். எந்த மேடை கூலி தரும், எந்த ஒலிப்பதிவு நிலையம் மாணவரிடம் குறைத்து வாங்கும் என்பவற்றை எம் பாடகர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கின்றார்களா? யாம் கண்டவரை இல்லை.

சென்ற கிழமை எம் தோழர் தம் இரண்டாம் பாட்டை ஏற்றினார். இம்முறை தம் பெயரும் ஊரும், தபேலா வாசித்தவர் பெயரும் அதன்கீழ் எழுதி, எம்மையும் உள்ளிட்டு அறுபது பேர்க்குத் தாமே செய்தி அனுப்பினார். அவ்விழாக் குழுவினர் இவ்வாண்டும் அழைத்தனர். தமக்கும் தபேலாக்காரருக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் என விடை எழுதினார். அவர்கள் இன்னும் மறுமொழி தரவில்லை.