சீமைக் காருக்கு யார் வரி கட்டுவது?

கடையில் ஒரு சோப்பு வாங்குகிறோம். அதன் விலைக்குள்ளேயே வரியும் அடங்கி இருக்கிறது. கூலி வேலை செய்பவரும் அந்த வரியைக் கொடுக்கிறார். கோடீசுவரரும் கொடுக்கிறார். "எனக்கு மட்டும் வரியைத் தள்ளுங்கள்" என்று கடைக்காரரிடம் யாரும் கேட்பது இல்லை.

ஆனால், வெளிநாட்டில் இருந்து விலை உயர்ந்த "ஸ்போர்ட்ஸ்" கார் ஒன்று கப்பலில் வந்து இறங்கினால்? அதற்கும் இதே நியாயம்தானே? இந்தக் கேள்வி 2003-ம் ஆண்டில் நாடு முழுவதும் எழுந்தது.

பெராரி வந்த கதை

2002 ஏப்ரல் மாதம் மேற்கு இந்தியத் தீவான டிரினிடாடில் டெஸ்ட் பந்தயம் நடந்தது. அதில் சச்சின் தெண்டுல்கர் தமது 29-வது சதத்தை அடித்தார். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேன் அடித்ததும் 29 சதங்கள்தான்.

இந்தச் சாதனைக்காக இத்தாலி நாட்டு பியட் கம்பெனி அவருக்கு ஒரு காரை அன்பளிப்பாகக் கொடுத்தது. "பெராரி 360 மோடனா" என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் உள்ள சில்வர்ஸ்டோன் பந்தயத் திடலில், கார் பந்தய உலக சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கர் அதை வழங்கினார்.

கார் இனாம்தான். ஆனால் வரி? சுங்கத் தீர்வை ரூ.1 கோடியே 13 லட்சம்! இதை மத்திய சர்க்கார் தள்ளுபடி செய்தது.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. டெல்லி ஐகோர்ட்டில் பொதுநல வழக்கும் வந்தது. முடிவில், காரைக் கொடுத்த பியட் கம்பெனியே தீர்வையைக் கட்டியது.

பரிசும் அன்பளிப்பும்

இதற்கு முன்பும் ஒரு கார் வந்தது உண்டு. 1985-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் சிறந்த ஆட்டக்காரராக வந்த ரவி சாஸ்திரி, "ஆடி" கார் ஒன்றை வென்றார். அப்போது பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி அந்தக் காருக்கு வரிவிலக்கு அளிக்கச் செய்தார்.

அது போட்டியில் வென்ற பரிசு. பெராரியோ, தன் விளம்பரத்துக்குத் துணை நின்றவருக்கு ஒரு கம்பெனி கொடுத்த அன்பளிப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வரியைத் தள்ளும் அதிகாரம் சர்க்காருக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் அது பொதுநலனுக்காகத் தரப்பட்ட அதிகாரம். சர்க்கார் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பொதுமக்களின் பணம்.

வரி எவ்வளவு?

2025-ம் ஆண்டுக் கணக்கு இதோ:

கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரூ.1 கோடிக்கு ஒரு புதிய பெட்ரோல் கார் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். சுங்கத் தீர்வையும் மேல்வரியுமாக 110 சதவீதம். அதாவது, ரூ.1 கோடியே 10 லட்சம். இப்போது மொத்தம் ரூ.2 கோடியே 10 லட்சம். இதன் மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அது ரூ.84 லட்சம்.

ஆக, ரூ.1 கோடி கார் ரூ.2 கோடியே 94 லட்சம் ஆகிவிடுகிறது! மாநில சாலை வரி தனி.

ஏன் இவ்வளவு?

பொறாமையால் போட்ட வரி அல்ல இது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்காகக் கட்டிய மதில். முழுக் காராகக் கொண்டுவந்தால் வரி அதிகம். இங்கேயே தயாரித்தால் லாபம். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே ஆலை கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள கொரியா நாட்டு ஹூண்டாய் ஆலையைப் பாருங்கள். அங்கே எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரிகிறது! அங்கே செய்த கார்கள் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குப் போகின்றன.

மதிலால் கெடுதலும் உண்டு. போட்டியே இல்லாத காலத்தில், அம்பாசிடர், பியட் என்று இரண்டு மூன்று கார்கள்தான் இருந்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

குறுக்கு வழி

வரி அதிகம் என்றால் குறுக்கு வழி தேடுவோரும் இருப்பார்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்க அதிகாரிகள் பல இடங்களில் சோதனை போட்டார்கள். வெளிநாட்டு வண்டிகளைப் பூட்டான் வழியாகக் கொண்டுவந்து, போலிப் பத்திரங்களால் பதிவு செய்தார்கள் என்பது புகார். இப்படி வண்டி வாங்குகிறவர் வரியை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்கிறார். கடைசியில் வண்டியே பறிபோகலாம்!

மதில் தாழ்கிறது

2025 ஜூலை 24-ந்தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை, பிரிட்டிஷ் கார்களுக்கான தீர்வை 110 சதவீதத்தில் இருந்து படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும். ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன் போன்ற வேகக் கார்கள் பிரிட்டனில் தயாராகின்றவை.

இது நல்லதா, கெட்டதா என்று வாதாடலாம். ஒன்று மட்டும் நிச்சயம். இது எல்லோரும் அறிய, சட்டப்படி குறையும் வரி. யார் வாங்கினாலும் ஒரே கணக்கு. 2003-ல் நடந்ததோ ஒருவருக்காக மட்டும் தளர்ந்த வரி.

வரி கூடலாம், குறையலாம். ஆனால் ஆளைப் பார்த்து மாறக்கூடாது. சோப்பு வாங்குகிறவருக்கு இல்லாத சலுகை, பெராரி வைத்திருப்பவருக்கு எதற்கு?