படகின் நடுவே ஒரு வலை

கட்டுமரம் என்னும் சொல்லைத் தமிழ்க் கடற்கரையிலிருந்து எடுத்துக்கொண்ட ஆங்கிலம், அதனை வேறொரு கலத்துக்குச் சூட்டிவிட்டது. 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் அப்பெயரைச் சோழமண்டலக் கரையின் மரங்களுக்கே உரியதாகக் குறித்தார். இன்று உலகெங்கும் கேட்டமரான் எனப்படுவதோ, இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குக் கம்பங்களால் இணைத்த பாய்ப்படகு. அவ்வமைப்பு பசிபிக் தீவினரின் மரபுக்கு நெருங்கியது. இரு உடல்களுக்கும் இடையே இழுத்துக் கட்டிய வலையே அதன் தளம்.

குன்னூரில் அமர்ந்து படகைப் பற்றிக் கருத்துரைப்பது சிலருக்கு நகைப்பூட்டலாம். எம் நண்பர் ஒருவர் கடலோரத்தில் அத்தகைய சிறு படகொன்றை வைத்திருக்கிறார். அதன் வலை நைந்துபோக, புதியதைத் தேர்வதற்கு எம்மிடம் யோசனை கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டிகளில் விரிக்கும் நைலான் வலை மலிவாயிற்றே என்றார் ஒருவர். மீன்வலையே போதும் என்றார் மற்றொருவர். இரண்டையும் நாம் மறுத்தோம்.

வாட்டும் தொட்டியின் வலை கூரையின்கீழ் வாழ்வது. அடியில் கம்பி வலை தாங்க, பரப்பிய இலையின் சீரான பாரத்தையே அது சுமக்கிறது. படகு வலைமீதோ முழு ஆள் ஒரே குதிகாலை ஊன்றிப் பாய்கிறான். மேலும் நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும். காலையில் முரசுத் தோல்போல் இறுக்கிய தளம் நண்பகலில் ஏணையாகிவிடும். மீன்வலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிக்கவைப்பதற்கென்றே பின்னப்பட்ட மெல்லிழையில் மனிதக் கால்விரலும் சிக்கும்.

எம் பரிந்துரை பாலியெஸ்டர். நனைந்தாலும் அதிகம் நீளாது, வெயிலையும் நன்கு தாங்கும். பாலிபுரோப்பிலீன் மலிவுதான், ஆனால் வெயில் காப்புச் சேர்க்கப்படாதது விரைவில் பொடிந்து உதிரும். டைனீமா இழை மிக வலியது, விலையும் அதிகம், ஈரக்காலுக்கு வழுக்கும். சிறு படகுக்கு அது வீண் ஆடம்பரம் என்பதே எமது எண்ணம்.

முடிச்சில்லா வலையையே கேட்டு வாங்கவேண்டும். முடிச்சு இழையின் வலுவைக் குறைப்பதோடு, மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவரின் தோலையும் உரிக்கும். கண்ணின் அளவில்தான் எமக்குள் நீண்ட வாதம் நடந்தது. கண் பெரிதானால் அலை தடையின்றி மேலேறி வடியும். மரங்களுக்கிடையே நீரை வழியவிட்ட நம் கட்டுமரமும் அவ்வாறே மூழ்காது மிதந்தது. பெரிய படகின் முன்தளத்துக்கு அது பொருந்தும். சிறு படகில் வலையே இருக்கையும் நடைபாதையும் ஆதலால், விரல் நுழையாத நெருக்கமான கண்ணே நலம் என்று முடிவு செய்தோம்.

பழைய வலை அறுந்ததன் காரணம் பின்னரே தெரிந்தது. ஓய்வுக்காலத்தில் அதனைக் குன்னூருக்குக் கொணர்ந்து மொட்டைமாடியில் போட்டிருந்தார். மலையின் குளிர் காக்கும் என்ற நம்பிக்கை! ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் புறஊதாக்கதிர் சமவெளியைவிடக் கடுமையாகவே இறங்குகிறது.

இனி விளிம்பைக் கட்டும் கயிறு. சுற்றிலும் ஒரே கயிற்றைக் கோத்திருந்தார். ஓரிடத்தில் உராய்ந்து அறுந்தால் தளம் முழுதும் அவிழ்ந்துபோகும், ஆளும் நீரில் விழுவான். நான்கு பக்கத்துக்கும் நான்கு தனிக் கயிறுகள், நீண்ட பக்கத்துக்கு இரண்டிரண்டாயின் இன்னும் நன்று. பழைய கயிற்றையே திரும்பவும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது.